நோட்டில் ஓடிய கிலோமீட்டர்கள்

நெல்லை அளக்க மரக்காலும் கலமும், நிலத்தை அளக்க மாவும் வேலியும் வைத்திருந்த தஞ்சைச் சீமையில், சொந்தமாக ஒரே ஒரு லாரியை வைத்துத் தானே ஓட்டியவர்கள் தங்கள் பிழைப்பை அளக்க ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தார்கள். காக்கி அட்டை போட்டு, குறுக்கே ரப்பர் பேண்ட் மாட்டி, உள்ளே ஒரு பேனாவைச் செருகி, டேஷ்போர்டில் சாமி படத்துக்குக் கீழே அதற்கென்று ஓர் இடம் இருக்கும். எண்பதுகளில் ஸ்டியரிங் பிடித்த யாரையாவது இன்று உட்கார வைத்துக் கேட்டுப் பாருங்கள். எத்தனையோ ஊர் ஓடியதை மறந்திருப்பார்கள். அந்த நோட்டில் ஒட்டியிருந்த டீசல் வாசனையை மறந்திருக்க மாட்டார்கள்.

முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அதற்கு அடியில் "லாபம்" என்று ஒரு சொல். களத்தில் நெல் அளப்பவர் முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று நீட்டி முழக்கித்தானே ஆரம்பிப்பார், அந்தக் களத்திலிருந்து வந்த பிள்ளைகள் நாங்கள், வேறெப்படி ஆரம்பிப்போம்? அதற்கப்புறம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட கட்டங்கள்: தேதி, புறப்பட்ட மீட்டர், சேர்ந்த மீட்டர், என்ன லோடு, எங்கிருந்து எங்கே, டீசல் எத்தனை லிட்டர், கிளீனர் படி, ஏற்றுகூலி இறக்குகூலி, புக்கிங் ஆபீஸ் கமிஷன், கடைசியில் இதரம். அந்த இதரக் கட்டம்தான் எப்போதும் போதாது. பஞ்சர், பல்பு, தார்ப்பாய்க் கயிறு, எலுமிச்சம்பழம், பாபநாசத்தில் காபி, யாரோ ஒரு பெரியம்மாவை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு அவர் கொடுத்த காசை வாங்காமல் வந்தது என்று எல்லாம் அதில்தான் முண்டியடித்துக்கொண்டு உட்காரும்.

எனக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தவர், எங்கள் லாரி ஷெட்டில் எல்லோருக்கும் மூத்த டிரைவர். அதிகம் பேச மாட்டார். பழைய டாடா 1210-ஐ வாங்கி வந்து நான் நின்ற அன்றைக்கு, வண்டியைச் சுற்றி வந்து டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, டேங்கை வாய் வரைக்கும் ரொப்பு. மீட்டரை எழுதிக்க. ஓட்டு. மறுபடியும் எங்க டீசல் போட்டாலும் அதே மாதிரி வாய் வரைக்கும் ரொப்பு. இப்ப எத்தனை லிட்டர் புடிச்சுதோ, அத்தனையத்தான் வண்டி குடிச்சிருக்கு. மீட்டர்ல ஓடுனத அதால வகுத்துக்க" என்றார். 412 கிலோமீட்டர் ஓடி 98 லிட்டர் பிடித்தால் லிட்டருக்கு 4.2. அவ்வளவுதான் வித்தை. டீசல் முள்ளை யாரும் நம்புவதில்லை. பல வண்டிகளில் அது வாங்கும்போதே படுத்திருக்கும். டேங்க் மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டு, நனைந்த இடத்தை விரலால் பிடித்துப் பார்த்து, "திருச்சி போய்ச் சேரலாம்" என்று சொல்லிவிடுகிற கண்கள் இருந்தன.

அந்த 4.2 என்பது வண்டியின் நாடித்துடிப்பு. அது 3.8-க்கு இறங்கினால், வாய் திறந்து சொல்லத் தெரியாத வண்டி எங்கேயோ நோகிறது என்று சொல்கிறது. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். நாசில் சரியாகத் தெளிக்காமல் இருக்கலாம். பிரேக் விடாமல் உராய்ந்துகொண்டே ஓடலாம். டயரில் காற்று குறைந்திருக்கலாம். மெக்கானிக்கும் போனட்டைத் திறப்பதற்கு முன்னால் "என்ன குடுக்குது?" என்றுதான் கேட்பார், நோட்டைப் புரட்டிக் காட்டினால் பத்து நிமிஷம் அதையே படிப்பார், பிறகு நேராகப் பழுதில் போய்க் கை வைப்பார். டயருக்குத் தனிப் பக்கம் உண்டு. எந்த டயர் எந்த மீட்டரில் ஏறியது, எப்போது முன்னாலிருந்து பின்னால் போனது, எப்போது ரீட்ரேடிங் ஆனது என்று ஒவ்வொன்றுக்கும் எழுதி வைப்போம். ஆயுத பூஜைக்கு வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து வாழைக்கன்று கட்டும்போது, நோட்டையும் பூஜையில் வைத்து, அன்று ஒரு நாள் மட்டும் அதைத் தொடாமல் இருப்போம்.

இந்தச் சீமையில் லாரிக்கு ஓட்டம் என்றால் அது நெல்லைத் தொட்டுத்தான். இந்திய உணவுக் கழகம் 1965-ல் தொடங்கப்பட்டபோது அதன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் திறந்த ஊர் தஞ்சாவூர். 1972-ல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. ஊருக்கு ஊர் நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் வந்தன. நாற்பது கிலோ மூட்டை, பத்து டன் லோடு என்றால் 250 மூட்டை. தை, மாசியில் சம்பா அறுவடை மும்முரத்தில் கொள்முதல் நிலையத்துக்கும் கிடங்குக்கும் ரயிலடிக்கும் நடுவே நடை அடிப்பதுதான் வேலை. லோடுமேன்கள் தோளில் மூட்டை வாங்கிப் பலகையில் ஏறி வரும்போது, கிளீனர் பையன் பாடியின் மூலையில் நின்று அஞ்சு அஞ்சாகக் கோடு இழுத்து எண்ணுவான். எண்ணிக்கை ஒரு மூட்டை இடித்தால் மொத்தத்தையும் மறுபடி எண்ணுகிற பொறுமை எல்லோருக்கும் இருந்தது.

திருவாரூரிலிருந்து தஞ்சைக்கு வரும் வழியில் நீடாமங்கலம் ரயில்வே கேட்டைத் தெரியாத டிரைவர் இந்தப் பக்கம் கிடையாது. மூடினால் எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது. உள்ளே கூட்ஸ் வண்டி முன்னும் பின்னுமாகப் பெட்டி மாற்றிக்கொண்டிருக்கும். அந்தப் பெட்டிகளில் போவதும் நாங்கள் கொண்டுவந்து இறக்கிய நெல்லாகவே இருக்கும். எங்கள் நெல்தான் எங்களை நிறுத்தி வைத்திருக்கிறது என்று தெரிந்ததால் கோபம் வராது. எஞ்சினை நிறுத்தியதும் வயல்களிலிருந்து தவளைச் சத்தம் கேட்கும். நோட்டை எடுத்து அன்றைய கணக்கை எழுதி முடிப்பதற்கும், பக்கத்து லாரிக்காரர் எட்டிப் பார்த்து "ஒங்களுக்கு என்னண்ணே குடுக்குது?" என்று கேட்பதற்கும், அவருக்கு நான் என் மைலேஜில் ஒரு புள்ளி கூட்டாமல் சொல்வதற்கும் அந்த நேரம் சரியாக இருக்கும். எத்தனையோ சிநேகிதம் அந்தக் கேட்டில் தொடங்கியது.

அரியலூர்ப் பக்கம் போனால் அது வேறு சுகம். தஞ்சையிலிருந்து திருவையாறு போவதற்குள் வடவாறு, வெட்டாறு, வெண்ணாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலம். அதையும் தாண்டினால் திருமானூரில் கொள்ளிடம். ஆடி மாதம் ஆறு நிறையத் தண்ணீர் போகும்போது ஒவ்வொரு பாலத்திலும் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுத்தான் போவோம். டீசல் கணக்குக்கு அது நஷ்டம்தான், ஆனாலும் பார்ப்போம். திரும்பும்போது சிமென்ட் லோடு கிடைத்தால் அன்றைக்கு ராஜா. கிடைக்காவிட்டால் காலி வண்டி. போகும்போது ஓடிய அதே தூரத்தைத் திரும்பவும் ஓடியாக வேண்டும், ஆனால் வாடகை ஒருவழிக்குத்தான். லாரிக்காரன் பிழைப்பு நிற்பதும் விழுவதும் இந்தக் காலி கிலோமீட்டரில்தான் என்று அந்த மூத்த டிரைவர் அடிக்கடி சொல்வார். அதற்காகவே காலியாக வந்த ஓட்டத்தைச் சிவப்பு மையில் எழுதச் சொன்னார். மாதக் கடைசியில் நோட்டைப் புரட்டினால் கூட்டிப் பார்க்கவே வேண்டாம், சிவப்பின் அளவே நிலைமையைச் சொல்லிவிடும்.

அந்தச் சிவப்பையும் நீலத்தையும் இப்போது வரிசையாக அடுக்கி வைத்துப் பார்க்கும்போது, என் லாரியின் கணக்கு என்று நினைத்து எழுதியதெல்லாம் காவிரியின் கணக்காக இருப்பது தெரிகிறது. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்த வருஷங்களில் ஐப்பசிப் பக்கங்கள் நிரம்பி வழிகின்றன, ஏனென்றால் குறுவை வந்துவிட்டது. திறக்காத வருஷங்களில் அதே பக்கங்கள் வெள்ளையாகக் கிடக்கின்றன. 2012 முதல் 2019 வரை ஒரு வருஷம்கூட அந்தத் தேதியில் அணை திறக்கவில்லை. 2020-ல்தான் மறுபடி திறந்தார்கள். அதைச் சொல்ல எனக்குச் செய்தித்தாள் தேவையில்லை, மீட்டர் எண்ணே சொல்கிறது. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்ததற்கு முன்பு பட்டுக்கோட்டை, பேராவூரணி தேங்காய் லோடு என்று மாதம் தவறாமல் இருக்கிறது. அதற்குப் பின் தென்னையே சாய்ந்துவிட்டதால் அந்த ஊர்ப் பெயர்கள் நோட்டில் நெடுநாள் வரவில்லை. தஞ்சாவூர் மாவட்டம் என்று ஒன்றாக இருந்ததிலிருந்து 1991-ல் நாகப்பட்டினம் பிரிந்தது, 1997-ல் திருவாரூர் பிரிந்தது, 2020-ல் நாகையிலிருந்து மயிலாடுதுறை பிரிந்தது. ஒரே மாவட்டத்துக்குள் ஓடிய ஓட்டம் இப்போது நாலு மாவட்டத்தில் ஓடுகிறது. தூரம் மட்டும் மாறவில்லை.

வெளிமாநிலம் போகும்போது நோட்டு போதாது. ரெக்ஸின் பை ஒன்று இருக்கும். ஆர்.சி. புத்தகம், பெர்மிட், எஃப்.சி., இன்சூரன்ஸ், டாக்ஸ் ரசீது, சரக்குக்கான பில், டிரிப் ஷீட் எல்லாம் அதற்குள். தஞ்சையிலிருந்து கேரளாவுக்கு வைக்கோல் ஏற்றிப்போன காலத்தில், திருச்சி தாண்டிக் காவிரிக் கரையோடு குளித்தலை, கரூர் என்று போய், கோயம்புத்தூர் கடந்து வாளையாறில் நின்றால், முன்னால் எத்தனை லாரி நிற்கிறது என்று கண்ணுக்கே தெரியாது. மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சோறு வடித்து, புளிக்குழம்பு வைத்து, பஞ்சாப் லாரிக்காரர் ரொட்டி கொடுக்க நாம் குழம்பு கொடுக்க, பாஷை தெரியாமலே இருவரும் மைலேஜை விரலால் காட்டிப் பேசிக்கொண்ட ராத்திரிகள் அவை. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது, வணிக வரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன, வரிசை போயிற்று. 2018 ஏப்ரலில் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு இ-வே பில் கட்டாயமானது, ஜூன் 2 முதல் தமிழ்நாட்டுக்குள்ளும் வந்தது. நின்று காய்ந்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். அந்த வரிசை போனதில் எனக்கு மனப்பூர்வமான சந்தோஷம். ரொட்டியும் குழம்பும் கைமாறியதும் அதோடு போனதில் வருத்தம். இரண்டும் உண்மை.

இன்றைக்கு என் தங்கை மகன் வண்டி ஓட்டுகிறான். நோட்டைக் காட்டினால், "மாமா, அதெல்லாம் போன்லயே வந்துடுது" என்கிறான். வருகிறதுதான். எந்த இடத்தில் எத்தனை நிமிஷம் எஞ்சின் ஓடிக்கொண்டே நின்றது என்பதுவரை வருகிறது. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டாக் கட்டாயமானதிலிருந்து திருச்சி சாலையில் வாழவந்தான்கோட்டை டோலில் சில்லறை எண்ண வேண்டியதில்லை. தாண்டியதும் போனில் மெசேஜ் விழுகிறது. டீசல் விலை நள்ளிரவு முதல் உயர்வு என்று ரேடியோவில் கேட்டதும், சாப்பாட்டை விட்டு எழுந்து பங்க்குக்கு ஓடி வரிசையில் நின்ற காலம் ஒன்று உண்டே, அதை அவனிடம் சொன்னால் சிரிக்கிறான். 2017 ஜூன் 16-லிருந்து விலை தினம் தினம் மாறலாம் என்று ஆன பிறகு யார் எந்த ராத்திரியில் ஓடுவது? முன்பெல்லாம் கணக்குக்கு டீசல், ஆயில் இரண்டு கட்டம் போதும். 2020-க்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டிகளுக்கு ஆட்ப்ளூ என்று இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது.

குறையாக மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் ஓடிய நாட்களில் வண்டி எங்கே இருக்கிறது என்று வீட்டுக்குத் தெரியாது. எஸ்.டி.டி. பூத் கண்ணில் பட்டால் இறங்கி, பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு, அவர்கள் ஓடிப்போய்க் கூட்டி வரும்வரை மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்று, "நல்லா இருக்கேன், கரூர் வந்துட்டேன்" என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வைப்போம். இன்று என் தங்கை தன் மகனின் வண்டி மணப்பாறை தாண்டியதைப் படுக்கையிலிருந்தே பார்த்துவிட்டுத் தூங்கப் போகிறாள். எத்தனை நோட்டு எழுதினாலும் என் அம்மாவுக்கு இந்தத் தூக்கத்தை நான் கொடுத்திருக்க முடியாது.

ஆனால் ஒன்றைக் கவனித்துக்கொண்டே வருகிறேன். வண்டியைப் பற்றிய கணக்கு இத்தனை பெருகிவிட்ட காலத்தில், வண்டிக்காரனுடைய கையில் கணக்கு இல்லை. எங்கே எப்போது கடந்தான் என்பது டோலுக்குத் தெரியும். எத்தனை வேகத்தில் ஓட்டினான் என்பது வண்டி தயாரித்த கம்பெனிக்குத் தெரியும். எந்தச் சரக்கை எத்தனை நாளில் சேர்க்க வேண்டும் என்பதை இ-வே பில் சொல்லும். 2021 ஜனவரியிலிருந்து 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று அதற்குக் கணக்கு. எந்தத் தேதியில் டியூ கட்டவில்லை என்பது பைனான்ஸ்காரருக்கு மணி அடித்தாற்போலத் தெரியும். இந்த ஓட்டத்தில் எனக்கு என்ன மிஞ்சியது என்ற ஒரே கேள்விக்கு மட்டும் பையனிடம் பதில் இல்லை. "ஏதோ ஓடுது மாமா" என்கிறான்.

சட்டமும் அவனை நோட்டு எழுதச் சொல்லவில்லை. பத்து சரக்கு வண்டிக்கு மேல் இல்லாதவர்களுக்காக 1994-ல் வருமான வரிச் சட்டத்தில் 44ஏஇ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். வண்டிக்கு மாதம் இவ்வளவு வருமானம் என்று அரசே ஒரு தொகையை வைத்துக்கொள்ளும். கணக்குப் புத்தகம் காட்ட வேண்டியதில்லை. பிறகு அந்தத் தொகை மாறி, 12 டன்னுக்கு மேல் மொத்த எடை உள்ள கனரக வண்டிக்கு டன்னுக்கு மாதம் ₹1,000, மற்றவற்றுக்கு மாதம் ₹7,500 என்று ஆனது. ராப்பகலாக ஓடுகிறவனை ஆடிட்டர் வீட்டு வாசலில் நிற்க வைக்காத நல்ல ஏற்பாடு அது. ஆனால் வரிக்குக் கணக்கு வேண்டாம் என்றதை, வாழ்க்கைக்கும் கணக்கு வேண்டாம் என்று நம் பிள்ளைகள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அரசாங்கம் ஊகித்துக்கொள்ளலாம். ஓட்டுகிறவன் ஊகித்துக்கொண்டு வாடகை பேசக் கூடாது.

கொஞ்சம் போட்டுப் பாருங்கள். டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 4.2 கொடுக்கிற வண்டிக்குக் கிலோமீட்டருக்கு டீசல் மட்டும் ஏறக்குறைய 22 ரூபாய். அதே வண்டி 3.8-க்கு இறங்கினால் 24 ரூபாய்க்கு மேல். மாதம் 5,000 கிலோமீட்டர் ஓடினால் வித்தியாசம் ஏறக்குறைய 11,500 ரூபாய். ஒரு அடைத்த ஃபில்டரும் காற்றில்லாத இரண்டு டயரும் ஒரு குடும்பத்தின் மாத மளிகையைத் தின்றுவிட்டுப் போகும். நோட்டு இல்லாதவனுக்கு அது தின்றதே தெரியாது. இதன்மேல் டயர் தேய்மானம், டியூ, இன்சூரன்ஸ், எஃப்.சி. செலவு, சீசன் இல்லாமல் ஷெட்டில் நிற்கும் மாதங்கள் எல்லாவற்றையும் வருஷத்துக்குக் கூட்டி, ஓடிய கிலோமீட்டரால் வகுத்தால் ஒரு எண் வரும். அந்த எண்ணுக்குக் கீழே யார் வாடகை பேசினாலும், அது தெரிந்த மனிதராக இருந்தாலும், கும்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அந்த மூத்த டிரைவர் புக்கிங் ஆபீஸில் குரலை உயர்த்தி நான் பார்த்ததில்லை. நோட்டை எடுத்து ஒரு பக்கத்தைப் பார்ப்பார், மூடி வைப்பார், "கட்டாதுங்க" என்பார். அந்த ஒரு சொல்லுக்கு அங்கே இருந்த மரியாதை, இப்போது வாட்ஸ்அப் குழுவில் லோடு போட்ட அரை நிமிஷத்தில் யார் குறைவாகக் கேட்கிறார் என்று போட்டி போடும் பிள்ளைகளுக்குக் கிடைப்பதில்லை.

ஆகவே லாரி ஓட்டும் தம்பிகளுக்கு, அவர்களுக்குப் பெண் கொடுத்த வீட்டாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். போனில் வருவது வரட்டும். அதையும் வைத்துக்கொள்ளுங்கள், அது உங்களுக்குக் காவல். ஆனால் ராத்திரி வண்டியை நிறுத்தியதும் ஐந்து நிமிஷம் ஒதுக்கி, மீட்டர், டீசல், வாடகை, செலவு நான்கையும் உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள். காலியாக வந்ததைச் சிவப்பில் எழுதுங்கள். நோட்டில் எழுதினாலும் சரி, போனில் தட்டினாலும் சரி, கணக்கு உங்களுடையதாக இருக்கட்டும். அடுத்த முறை வாடகை பேச உட்காரும்போது அதைத் திறந்து பாருங்கள். கட்டாது என்றால் கட்டாது என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.